இரைச்சலுக்கு அடியில்

மருத்துவமனையின் மூன்றாவது பேஸ்மென்டில், மோட்டார் அறைச் சுவரில் பொருத்தியிருந்த சின்னப் பெட்டி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. தண்ணீர் ஏறினால் செல்போன் டவர் வழியாக மேலே மருத்துவமனை மேனேஜரின் போனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டிய பெட்டி. அதற்குள் ஓடும் மென்பொருள், அதைச் சரிபார்க்க வந்திருந்த அவள் எழுதியது. இன்று பேசாவிட்டால் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

“இங்க என் பொண்டாட்டி போனே வராது மேடம். அதுக்காகவே இந்த வேலையை விடாம இருக்கேன்,” என்று சிரித்த மோட்டார்காரர், சுவரில் மார்பளவில் இருந்த கறையைக் காட்டினார். “போன மழைல இதுவரைக்கும் தண்ணி. கதவு தொறக்கல. தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு ஈ காக்காவுக்குக் கேக்கல. டியூட்டி மாத்த வந்தவன் பாத்ததால பொழச்சேன்.”

கறையைப் பார்த்தபின் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை.

லேப்டாப்பை இணைத்தாள். சிக்னல் இரைச்சலுக்கும் கீழே கிடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பெட்டிக்குள் இருக்கும் மோடம் ஒரே செய்தியை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் சொல்லும். ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த அவள் வைத்த கெடு, சொல்லி முடிப்பதற்குள் அதைத் தூங்கவைத்துவிட்டது. ஆபீஸ் மேஜையில் தாராளமாகத் தெரிந்த கெடுதான். அதை நீட்டி, மென்பொருளை மறுபடி ஏற்றினாள்.

மோட்டார்காரர் பெட்டியிலிருந்து தொங்கிய தண்ணீர் சென்சாரை வாளித் தண்ணீரில் முக்கினார். திரையில் அசைவில்லை. ஒருமுறை கூப்பிட்டு ஆள் திரும்பாவிட்டால், மறுமுறை கூப்பிடாத சுபாவம் அவளுக்கு. இந்தப் பெட்டிக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. சொல்லிக்கொண்டே இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடத்தது. “யோவ், மேல வாய்யா! தண்ணி வந்துடுச்சாம்!” கையில் போனோடு மூச்சிரைக்க வந்து நின்ற மேனேஜர் வாளியைப் பார்த்தார். “இதுவா?”

மோட்டார்காரர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “எத்தனாவது வாட்டி சொன்னது டவருக்குக் கேட்டுச்சு மேடம்?”

“எந்த வாட்டியும் கேக்கலண்ணா. தனித்தனியா எடுத்தா வெறும் இரைச்சல். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா சேத்தப்புறம்தான் என்ன சொல்லுதுன்னே தெரியும்.”

இருபது வருடமாக அவளுக்குச் சமன்பாடாக மட்டுமே தெரிந்த விஷயம். வாய்விட்டுச் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை கான்கிரீட்டுக்கு மேலே, ஊரே பேசும் பேச்சுக்கு நடுவே, காதில் விழவே விழாத ஒன்று சிந்தாமல் சேர்த்துவைத்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

மோட்டார்காரர் சென்சாரைச் சட்டையில் துடைத்தார். “இன்னொரு வாட்டி பாத்துரலாமா?”

“இருய்யா, இங்க போன் எடுக்காது, நான் மேல போய்க்கறேன்,” என்று மேனேஜர் படியேறினார்.