நின்றால் அணையும் கார்

ஷாதிபூர் ஏற்றத்தில் ஜம்புலிங்கத்தின் பழைய கார் அணைந்துபோய், சாவியை எவ்வளவு திருகியும் கிளம்பாததால், நீலாவதிக்குக் கப்பல் தப்பிவிட்டது. தங்கை செல்லத்தின் கல்யாணத்துக்குள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு வேறு கப்பல் கிடையாது. பெட்டியோடு வீடு திரும்பியவள் அதன்பிறகு கணவனிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான்.

அவன் கார்புரேட்டரைத்தான் சந்தேகித்தான். பீப்பாயில் வரும் பெட்ரோலில் தூசி இருக்கும். கழற்றிக் கழுவி மாட்டினான். ஓடும்போது பரவாயில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறி அணைந்தது. நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்ட ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிப் பார்த்தான். இரைச்சல் கூடியதே தவிர உதறல் போகவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மறுபடி பானெட்டைத் திறந்தான். ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு ஜமீல் ரங்கத் போயிருந்தார். அவன் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்த நீலாவதி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"லேசா மிதி. அணைய விட்றாத."

பிளக் ஒயர்களை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தவனின் கை, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பட்டது. அது கையோடு திரும்பியது. அசையவே கூடாத சாமான். பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்கிறேனென்று பாயிண்ட் மாற்றி, பொறி விழும் டைமிங் வைத்தவன், அதைப் பிடித்திருக்கும் அடி போல்ட்டை முறுக்காமல் விட்டிருந்தான். ஓட்டத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்து நகர்ந்து, பொறி காலந்தாழ்ந்து விழுந்துகொண்டிருந்தது.

மெல்லத் திருப்பினான். எஞ்சின் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"இப்ப மோசமாயிடுச்சு."

நிமிர்ந்தான். பேசியது அவள்தான்.

"முன்ன இருந்த எடத்துக்கே கொண்டாங்க. தீரே, தீரே... மெதுவா. அச்சா, அங்கயே வைங்க."

போல்ட்டை முறுக்கி, ஐடிலை இறக்கினான்.

"என்னவாம் அதுக்கு?"

"போல்ட்ட முறுக்கல."

"யாரு?"

"நான்தான்."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள். "ஓட்டிப் பாருங்க."

அதே ஏற்றத்தில் எஞ்சின் தட்டும் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். கேட்கவில்லை. உச்சியில் நிறுத்திக் காலை எடுத்தான். வண்டி அணையவில்லை.

"இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க," என்றாள் நீலாவதி. "என்ன கலர் பொடவ எடுத்தாங்களோ."

"அவளுக்கு எது பிடிக்கும்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் கியரைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.