மூன்றாவது சரணம்

"கொஞ்சம் சாய்ங்க, வாசல் நெல இடிக்குது" என்று யாரோ சொல்ல, ஃப்ரீசர் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்திருந்த ஜெபகுமார் முழங்காலை மடக்கிச் சாய்ந்தான். வீடு கட்டும்போது கட்டிலும் பீரோவும் நுழையுமா என்று பார்ப்பார்கள். இந்தப் பெட்டி நுழையுமா என்று யார் பார்க்கிறார்கள்? ஒருவழியாக அது ஹாலுக்குள் வந்து சேர்ந்தது. அண்ணன் ஏசுபாதத்தை அதில் கிடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் காலரை அண்ணி ஷீலா இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கண்ணாடி மூடியைப் போட்டு ஒயரைச் சொருகினார்கள்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பியவர், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. இன்று மூன்று மணிக்குச் சர்ச்சில் ஆராதனை, நான்கு மணிக்கு அடக்கம்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். அவர்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் பாடுகிற அதே பாட்டுத்தான். ஜெபகுமாரின் கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தொடைமேல் தட்டிப் பார்த்தது. எழுபத்தாறு. நிமிடத்துக்கு எழுபத்தாறு தட்டு. கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கும்போது எண்ணிக்கொண்டு நிற்கிறானே என்று அவனை ஏசிவிடாதீர்கள். இருபத்தைந்து வருடமாக அந்த விரல் சும்மா இருந்ததில்லை.

காட்டாங்குளத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் வகுப்பு நடத்துகிறான் ஜெபகுமார். மேல்நாட்டு இசைப் பரீட்சையில் எட்டு கிரேடும் எழுதித் தேறியவன். தினமும் இரண்டு மணி நேரம் ரப்பர் அட்டைமேல் வாசித்துப் பழகாமல் சாப்பிட மாட்டான். அண்ணன் கதை வேறு. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பிட்டர். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், இருபது வயதில் சர்ச் டிரம்செட்டில் ஏறி உட்கார்ந்தவர் முப்பது வருடம் இறங்கவில்லை. ஊர் என்ன சொல்லும்? "ஜெபா சுத்தமா வாசிப்பான். ஆனா ஏசுபாதம் வாசிச்சா அதுல ஒரு ஃபீலு கீதுப்பா." பதினைந்து வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு ஜெபகுமாருக்குக் காது புளித்துவிட்டது. ஃபீல் என்றால் என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது, நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். நெஞ்சைத் தொடுவதற்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுகிறார்கள்?

போன வருடம் சர்ச்சில் ஆராதனையை நெட்டில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார்கள். டிரம் சத்தம் மற்ற எல்லாவற்றையும் அமுக்குகிறது என்று பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பென்னி அலுத்துக்கொண்டான். ஜெபகுமார் வழி சொன்னான். டிரம்செட்டைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு, வாசிப்பவர் காதில் தாளம் தட்டும் மெஷின். மெஷின் எதற்கு என்று கமிட்டியில் கேட்டபோது, அண்ணன் வாசித்ததைப் பதிவு செய்து அளந்து வைத்திருந்ததைக் காட்டினான். போன் திரையில் ஒரு கோடு எழுபத்தாறில் கிளம்பி, மூன்றாவது சரணத்தில் அறுபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. கோடு இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கண்ணாடிக்குள் ஒரே ஒரு ஞாயிறுதான் ஏசுபாதம் உட்கார்ந்தார். வியர்த்து ஒழுக வெளியே வந்து, "உள்ள உக்காந்தா சாராள் மூச்சு வாங்கறது கேக்கலடா. இந்தா, நீயே வாசி" என்று குச்சியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். தோற்றவன் சொல்கிற சாக்கு என்றுதான் ஜெபகுமார் நினைத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒன்பது மாதம் ஆகிறது.

அந்தச் சாராள்தான் இப்போது பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது, வெண்கலக் குரல். அவள் பாடினால்தான் சபை பாடும். கூடவே வீசிங்கும் உண்டு. மடியிலிருந்த துணிப்பையில் மருந்துக் குப்பி துருத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது சரணத்தில் ஒரு நீளமான வரி வரும். அந்த வரி நெருங்கியபோது பாட்டு மெல்ல வேகம் குறைந்து குனிந்தது. சாராள் மூச்சை இழுத்தாள். அத்தனை பெண்களும் காத்திருந்து, அவளோடு சேர்ந்து அடுத்த வரியில் விழுந்தார்கள். ஜெபகுமாரின் கட்டைவிரல் முந்திப்போய்த் தனியாகத் தட்டியது.

கொஞ்ச நேரத்தில் பெருங்களத்தூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். மறுபடியும் அதே பாட்டு. அதே இடம், அதே மூச்சு, அதே காத்திருப்பு. விரல் மறுபடியும் முந்தியது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போனைத் திறந்தான். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணன் வாசித்ததைப் பதிவு செய்திருந்தான். கமிட்டிக்குக் காட்ட ஒன்று போதும் என்று, வாகாக இறங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திறக்காமலே விட்டிருந்தான். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தான். எழுபத்தாறு, மூன்றாவது சரணம், அறுபத்தொன்பது, மறுபடி எழுபத்தாறு. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். கை தடுமாறுகிறவன் வாரத்துக்கு ஓர் இடத்தில் தடுமாறுவான். இது பேனாவால் குறித்து வைத்தது மாதிரி அதே வரியில் இறங்கி, அதே வரியில் ஏறியது.

ஒன்பதாவதை மட்டும் இரண்டு தடவை பார்த்தான். அதில் கோடு இறங்கவே இல்லை. முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரைக்கும் எழுபத்தாறு. காதில் வைத்துக் கேட்டான். சபையின் பாட்டில் வெண்கலக் குரல் இல்லை. மகள் பிரசவத்துக்காகச் சாராள் அரக்கோணம் போயிருந்த வாரம் அது. மெஷின் துணையில்லாமல் அப்படியொரு நேர்கோடு எட்டு கிரேடு எழுதிய ஜெபகுமாருக்கு வாழ்க்கையில் ஒரு நாளும் வந்ததில்லை. ரப்பர் அட்டை எதுவும் இல்லாத வீட்டில் அண்ணன் அதை எங்கே, எப்போது பழகினார்? அவன் கேட்டதே இல்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கீழே வந்தபோது ஷீலா சமையலறையில் தனியாக நின்று, யாரோ கொடுத்த பால் இல்லாத டீயைக் குடிக்காமல் பிடித்திருந்தாள்.

"அண்ணி, நான் கமிட்டில சொன்னது தப்பு. அண்ணன் தெரிஞ்சேதான் எறக்கினாரு. நான் ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக் காட்டிட்டேன்."

அவள் டீயைப் பார்த்தபடியே இருந்தாள். "அவருக்குத் தெரியும் தம்பி."

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல? சொல்லிருந்தா நான்..."

"நானும் இதான் கேட்டேன். ஏன்யா வாயத் தொறக்காம குடுத்துட்டு வந்தன்னு சண்ட போட்டேன். 'அவனுக்கு அந்த சீட்டு வேணும் ஷீலா, சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு கீறான்'னாரு." டம்ளரை மேடைமேல் வைத்தாள். "தோத்துட்டு ஒண்ணும் குச்சியக் குடுக்கல. இத உன்னாண்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். வாய் நிக்கல."

ஹாலில் ஃப்ரீசர் மோட்டார் நின்று மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

"மூணு மணிக்கு நீதான வாசிக்கிற?" என்று கேட்டாள்.

"வேணாம் அண்ணி. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு."

"இருக்கற மூஞ்சிய வெச்சிக்கினுதான். வேற யாரு கீறா?"

மூன்று மணிக்குச் சர்ச் நிறைந்திருந்தது. பீடத்துக்குக் கீழே சவப்பெட்டி; மூடி திறந்திருந்தது. ஜெபகுமார் கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தான். உள்ளே போனதுமே வெளியே இருந்த அழுகை, இருமல், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் அறுந்து போயின. காதில் வைத்த கருவியில் மெஷின் தட்ட ஆரம்பித்தது. எழுபத்தாறு, சுத்தமாக.

அவன் கருவியைக் கழற்றித் தரையில் வைத்தான். எழுந்து முன்பக்கத்துக் கண்ணாடிப் பலகைகள் இரண்டையும் விரியத் திறந்தான்.

பென்னி குனிந்தபடி ஓடி வந்தான். "அண்ணா, இன்னா பண்றீங்க? லைவ் போய்க்கினு கீது. டிரம் மட்டும்தான் கேக்கும்."

"மெதுவா வாசிக்கிறேன். போ."

பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு சரணமும் கை பழகிய வழியில் போயிற்று. மூன்றாவதில் அந்த நீளமான வரி வந்தபோது, எவ்வளவு அடக்கியும் குச்சி ஓர் இம்மி முந்தி விழுந்துவிட்டது. பெட்டியருகே நின்று பாடிய சாராள், வரியை முடிக்காமல் மூச்சு முட்டித் தலையைத் திருப்பினாள். முப்பது வருடமாகத் திரும்பி, கண்ணாடி வந்த இந்த ஒன்பது மாதமாகத் திரும்புவதை விட்டிருந்த அதே பக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் வெறுமையானது.

அந்த வரியை இரண்டு தடவை பாடுவது வழக்கம். இரண்டாம் தடவை ஜெபகுமார் எண்ணவில்லை. சாராளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வரி முடிந்தது. அவள் ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. சபை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. ஜெபகுமாரின் கையில் குச்சி தோள் உயரத்தில் நின்றது.