ரமாட்லா கொண்டுவந்த சாட்சி

மாலினேயோ ஊர்த் தலைவியின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டு மந்தைக்காரர் ரமாட்லா பேச ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பிறக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் பிறந்தவர் அவர். குரல் நாலு பள்ளத்தாக்கு தாண்டும். ஐந்தாவதில் மேயும் ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

வழக்கு இதுதான். மேலே ஓடை பிறக்கும் சதுப்பைத் தலைவி மாகோபானோ இரண்டு வருஷம் முன்பு மூடியிருந்தார். சுற்றிலும் கற்குவியல், அதைத் தாண்டி ஆடு கால் வைத்தால் நேரே பட்டியில் அடைப்புதான். மூடச் சொல்லிக் கேட்டவள் மாலினேயோ. அந்தக் காலத்தில் சதுப்பு சதுப்பாகவே இல்லை. குதிரைப் பந்தயம் விடலாம், அப்படி இறுகிக் கிடந்தது. மலைக்குளிரில் வளை தோண்டி வாழும் பனியெலிகள் அதைச் சல்லடையாகத் துளைத்து, காலையில் வளைவாசலில் வரிசையாக உட்கார்ந்து ஊர்ப் பெரியவர்களைப் போல வெயில் காயும். ஊர் மொத்தமும் எலிதான் தண்ணீரைக் குடித்துவிட்டது என்றது. விஷம் வைக்கலாம் என்றது. அவள் ஒருத்திதான், ஆடு புல்லை மொட்டையடித்த பிறகு வந்த எலி அது, புல் வளர்ந்தால் தானே போய்விடும் என்றாள். அவளுடைய ஊற்றுக்கு அந்தச் சதுப்புதான் தாய். அப்போது ஊற்று ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் கொடுத்தது, அதையும் கடன் கொடுப்பவன் முகத்தோடு.

தலைவி கொடுத்த இரண்டு வருஷக் கெடு இன்று முடிகிறது. பனியெலி இன்னும் இருந்தால் சதுப்பு ஆடுகளுக்குத் திறக்கப்படும். ஊற்று பழையபடி ஒரு வாளிக்குப் போய்விடும்.

ரமாட்லா பால்மாவு டின் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொழுத்த எலி. மழுங்கிய மூக்கு, வட்டக் காது, குட்டை வால். வயிற்றில் மூன்று குட்டிகள் காம்பைக் கவ்வித் தொங்கின. தாய் அசைந்தால் அவையும் மூட்டை போல இழுபட்டன.

"சதுப்புக்கு நட்ட நடுவுல புடிச்சேன், மோரேனா," என்றார் தலைவியிடம். "எங்க ஆடு பட்டினி கெடக்குது. இவ புள்ள பெத்து வளக்குறா."

கூட்டம் சிரித்தது. மாலினேயோ டின் அருகே போனாள். எட்டிப் பார்த்தாள். பதினைந்து வருஷமாகப் பனியெலியைப் பார்த்தவள். இது அதன் ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம், அது இல்லை; ஈரப் புல்லில் வாழும் சதுப்பெலி. ஆனால் எலிக்கு எலி வித்தியாசம் என்றால் இந்தக் கூட்டத்தில் யார் கேட்பார்கள்?

"ந்தாத்தே ரமாட்லா, எந்த வளையில புடிச்சீங்க?" என்று மரியாதையாகவே கேட்டாள்.

"வளையா? வளை எங்கம்மா இருக்கு அங்க?" கேள்வி அவருக்கு வெல்லம். கையை அகல விரித்துக்கொண்டார். புல் இடுப்பு உயரம், இல்லை, நெஞ்சு உயரம். அதற்குள் இந்தச் சதுப்பெலி சந்து சந்தாகப் பாதை போட்டு, தண்டை ஒரே அளவில் நறுக்கிக் குவித்து, மேட்டில் புல்லாலேயே கூடு கட்டியிருந்தது. முழங்கால் வரை சேறு. அதில் இடது கால் பூட்ஸை இழுக்க இழுக்க அது உள்ளேயே போயிற்று. இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும் என்றார்.

எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். வலதில் ரப்பர் பூட்ஸ், இடதில் மனைவியின் செருப்பு.

தலைவி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "குதிரை ஓடுன எடத்துல உங்க பூட்ஸ் முங்கிடுச்சா? வளை ஒண்ணுகூட இல்ல, நீங்களே சொல்றீங்க. வளை இல்லாம பனியெலி ஏது? சாட்சி நல்லாத்தான் பேசுச்சு." சதுப்பு இன்னும் இரண்டு வருஷம் மூடியே இருக்கும். எலியை எடுத்த இடத்திலேயே ரமாட்லா விட வேண்டும், மிச்சமுள்ள பூட்ஸை வீட்டில் வைத்துவிட்டு.

சிரிப்பு அடங்கியதும் ரமாட்லா மாலினேயோ அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார், அவர் தாழ்த்தினால் மற்றவர்கள் பேசுகிற அளவு.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. பனியெலி எங்க போச்சுன்னு பாத்தீங்களா?"

அவள் பார்த்திருந்தாள். தினமும் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஊற்றுக்குப் போனாள். சதுப்பில் இடமில்லாத ஆடுகள் எல்லாம் எதிர் மேட்டில் நெருக்கியடித்து மேய்ந்தன. மேடு இப்போது வழித்த தலை. அங்கே புது வளைகள், வளைக்கு ஒன்றாகப் பழுப்பு முதுகுகள். எலி யாரையும் கெடுக்கவில்லை. மனுஷன் எந்தத் தரையை மொட்டையடிக்கிறானோ அங்கே ஒன்று குடியேறுகிறது. எதை வளர விடுகிறானோ அங்கே இன்னொன்று.

"உங்க ஆறு ஆடும் என் மந்தையிலதான் மேயுது," என்றார் ரமாட்லா. "ஞாபகம் இருக்கட்டும்."

தலைவி எழுந்துவிட்டார். மாலினேயோ குறுக்கே போய் நின்றாள்.

"மோரேனா, கொஞ்சம் உக்காருங்க. எதிர் மேட்டையும் மூடுறதைப் பத்திப் பேசணும். மொதல்ல அங்கருந்து எறக்க வேண்டியது என்னோட ஆறு ஆடு."

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ரமாட்லா எலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தினார்.