ஆளில்லாதவனுக்கு மூன்றடி

மூன்றடி ஆனதும் நிறுத்தியிருக்க வேண்டும். குழிவெட்டியோ நிறுத்தவில்லை. இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்று கடப்பாரையை மறுபடி ஓங்கினான்.

மேலே மண்கூடையோடு நின்ற பெண்டாட்டிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள், இடுகாட்டின் கேட்டைப் பார்த்தாள். மழை வரும். அதற்கு முன்னால் பிணவண்டி வந்துவிடும்.

"யோவ், ஆளில்லாத பொணத்துக்கு மூணடிதான்னு சூப்பர்வைசர் படிச்சுப் படிச்சு சொன்னான்ல? பாத்தா வேலைக்கே வேட்டு. புள்ளைங்களுக்கு இந்த மண்ணையா ஆக்கிப் போடுவ?"

"சொந்தக்காரன் வந்தா ஆறடி வெட்டுறோம்ல?"

"அவனுக்குக் கேக்க நாலு பேரு இருக்கு."

"நாய்க்குத் தெரியுமா, யாருக்கு ஆளிருக்கு, யாருக்கு இல்லன்னு?"

போன வாரம் மதில் ஓரமாக நாய் இழுத்து வந்ததைத் துணி என்று நினைத்து எடுக்கக் குனிந்தவள் அவள்தான். துணிக்குள் விரல் இருந்தது. அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலே ஓங்கரிக்கிறது.

"வெட்டுறத ஒழுங்கா வெட்டித் தொலை. ஓரம் சரியுது பாரு" என்று கயிற்றில் கூடையை இறக்கினாள்.

நாலடிக்குக் கீழே களிமண். ஒரு கூடையைத் தூக்குவதற்குள் அவளுக்குத் தோள் இற்றுப்போனது. அவன் தலை உள்ளே மறைந்தபோது வண்டி வந்து நின்றது.

சூப்பர்வைசர் இறங்கிக் குழியை எட்டிப் பார்த்தான்.

"சார், மண்ணு பொலபொலன்னு சரிஞ்சுது, அதான்..." என்று அவள் முந்திக்கொண்டாள்.

அவன் அளவுகோலை உள்ளே விட்டு அளந்தான். கரெக்டாக ஆறடி.

"பரவால்லையே! உனக்கும் மூளை இருக்குய்யா" என்று சிரித்தவன் டிரைவர் பக்கம் திரும்பினான். "உள்ள இருக்குற இன்னொண்ணையும் எறக்கு. ரெண்டும் இதுலயே போயிரும்."

முதல் உடலைக் குழிவெட்டி உள்ளே நின்றபடியே வாங்கிக் கிடத்தினான். கால்கள் துணிக்கு வெளியே தெரிந்தன. துணியை இழுத்து மூடினான். மேலேயிருந்து அவள் மண்ணைத் தள்ளினாள். தூறல் விழ ஆரம்பித்தது.

"போதும், மிதி" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தான். "மேல இன்னொருத்தனுக்கு எடம் வேணும்ல."

குழிவெட்டி செருப்பைக் கழற்றி மேலே எறிந்தான். வெறுங்காலால் மெல்ல மெல்ல மிதித்தான்.

"உன்ன எவன் தாலாட்டச் சொன்னான்? அழுத்தி மிதிய்யா" என்றான் சூப்பர்வைசர்.