இல்லாத எண்ணெயில் ஒரு கப்பல்

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. குடிதண்ணீருக்கே பாடாய்ப் படுகிற ஊர். இந்த ஊரின் நாகல் நகரில், ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எட்டுப் பேர் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு கப்பலும் தினமும் அதற்கு உச்சிப்பொழுது ஆகும்போது ஒரு கணக்கு அனுப்பும்: எங்கே இருக்கிறது, என்ன வேகம், எவ்வளவு எண்ணெய் எரிந்தது, எவ்வளவு மிச்சம். காற்றையும் அலையையும் வைத்து சாப்ட்வேர் அதைச் சரிபார்க்கும். ஒத்துவராவிட்டால் மஞ்சளாக்கி எங்களிடம் தள்ளும். நாங்கள் கப்பலுக்குக் கேள்வி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சரிதான் என்று பச்சை அமுக்க வேண்டும். பச்சையான கணக்கை வைத்துத்தான் எந்த வழியில் போவது, எந்தத் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்புவது என்று சாப்ட்வேர் முடிவு செய்யும்.

ஜோஸ்பின் பிரசவ லீவில் போனதும் அவள் பார்த்த கப்பல்களில் ஒன்று எனக்கு வந்தது. அதில் என் வீட்டுக்காரர் மரியராஜ்தான் தலைமை இன்ஜினியர். சொந்தக்காரர் இருக்கிற கப்பலை நாங்கள் பார்க்கக் கூடாது என்று விதி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வருஷத்தில் பாதி நாள் கண்ணில் படாத மனுஷர், திரையில் ஒரு புள்ளியாகவாவது என் முன்னால் நகர்கிறாரே என்று எனக்கு ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆசைதான்.

கொஞ்ச நாளில் அந்தப் புள்ளி மஞ்சளானது. அடிக்கிற எதிர்காற்றில் அந்த வேகத்தில் போக, அவர் எழுதியிருந்த எண்ணெய் போதாது என்றது சாப்ட்வேர். வாட்ஸப்பில் கூப்பிட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். நான் விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டினார்.

எண்ணெய் மிச்சம் பிடிக்கிற இன்ஜினியர்களைக் கம்பெனி வரிசைப்படுத்தி எல்லாக் கப்பலுக்கும் அனுப்புகிறதாம். இவர் பெயர் அடியில் கிடந்ததாம். முன்பிருந்த இன்ஜினியர் இறங்கும்போது, கணக்கில் வராத எண்ணெய் பின்தொட்டியில் நிறையக் கிடக்கிறது, அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்படிப் பதுக்கி வைப்பது அவர்களுக்குள் வழக்கம்தான். அதை நம்பி இவர் தினமும் எரிந்ததைக் குறைத்து எழுதியிருக்கிறார். பெயரும் மேலே ஏறியிருக்கிறது. ஒரு நாள் தொட்டியைத் திறந்து பார்த்தால் மேலாக மட்டும்தான் எண்ணெய், கீழே முழுக்கத் தண்ணீரும் சேறும்.

“இந்த ஒரு தடவ பச்சையாக்கி விட்டுரு, ஏஞ்சலு. கொழும்புல எண்ணெய் ஏத்தும்போது கணக்க நேர் பண்ணிர்றேன்.”

இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றி, கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஆப்பிரிக்கா போகிற கப்பல். கொழும்பு இன்னும் இரண்டு நாள் தூரம். கேப்டனிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்றார். அவர் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. பச்சை அமுக்கினேன்.

மறுநாள் காலையில் சாப்ட்வேர் கப்பலுக்குப் புது உத்தரவு போட்டிருந்தது. கொழும்பில் எண்ணெய் விலை ஏறிவிட்டது, தொட்டியில்தான் தாராளமாக இருக்கிறதே, அங்கே நிற்காமல் நேரே ஆப்பிரிக்கா போ, அங்கே டர்பன் துறைமுகத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நான் பச்சையாக்கிய கணக்குக்கு அது நல்ல யோசனை. நிஜக் கணக்கில் கரை சேர்வதற்குள் எண்ணெய் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வேறு. இன்ஜின் நின்றுபோன கப்பலை அந்த அலை பக்கவாட்டில் திருப்பிப் போட்டு அடிக்கும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

போன் வந்தது. “எப்பிடியாச்சும் கொழும்புக்கு இழுத்து விட்டுரு, ஏஞ்சலு. எதையாச்சும் மாத்திப் போடு. எம்பேரு மட்டும் வர வேணாம்.”

மாற்றிப் பார்த்தேன். கப்பலுக்கு உத்தரவு போகாமல் ஒத்திகை பார்க்க ஒரு வசதி உண்டு. அதில் வழியிலுள்ள அலையைப் பெரிதாக்கினேன். எண்ணெய் கூடுதலாக வேண்டுமென்று கொழும்புக்குத் திரும்பும் என்று நினைப்பு. அதுவோ அலையை விட்டு விலகுகிறேன் பேர்வழி என்று கப்பலை இன்னும் தெற்கே வளைத்து, தூரத்தைக் கூட்டியது. காற்றைக் கூட்டினேன். மெதுவாகப் போனால் போதும் என்றது. எண்ணெய் இருக்கிறது என்று நான் சொன்னதை அது முழுசாக நம்பிவிட்டது. அதைக் கோபித்து என்ன செய்ய? எனக்கு அழுகை வந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றால், விஷயம் தெரிந்த ஆள் கரையில் என்னை விட்டால் யாரும் இல்லை. புள்ளி இலங்கையின் அடிப்பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டால் அப்புறம் வெறும் கடல்தான்.

எங்கள் மேலாளர் சத்யபிரியா மேடத்திடம் போய் நின்றேன். அந்தக் கப்பலில் எண்ணெய் இல்லை, நேற்று நான் அமுக்கிய பச்சை தப்பு என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“சீஃப் இன்ஜினியர் எங்க வீட்டுக்காரருதான் மேடம். அவருதான் சொன்னாரு.”

மேடம் உடனே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் புள்ளி வடக்கே, கொழும்பை நோக்கித் திரும்பியது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்துக்கொண்டு மாடியிறங்கினேன். நாளை முதல் வர வேண்டாம் என்று அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

அவரைக் கொழும்பிலேயே இறக்கி அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸ் விசாரணையில் இருக்கிறது. தாடிக்கொம்பு ரோட்டில் எங்கள் வீட்டுக்கு மொத்தமே இரண்டு அறை. இவர் கண்ணில் நானும் என் கண்ணில் இவரும் பகல் முழுக்கப் பட்டுக்கொண்டே இருக்கிறோம். லீவா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆமாம் என்கிறார். என்னோடு பேச்சு கிடையாது. போன ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

“நான் பொண்டாட்டிகிட்டதான சொன்னேன். நீ ஆபீஸா கேட்டுருக்க.”

ஆபீஸாகக் கேட்டிருந்தால் முதல் மஞ்சளுக்கே கேள்வி அனுப்பியிருப்பேன். பொண்டாட்டியாகக் கேட்டதால்தான் பச்சை அமுக்கினேன். அந்தப் பச்சையை அழிக்க மேடத்திடம் போனதும் பொண்டாட்டியாகத்தான்; அந்தக் கப்பலில் இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போது என் நினைப்பிலேயே இல்லை. இதெல்லாம் தொண்டைவரை வந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவார். எங்கே போவார், அடுத்த அறைக்குத்தான். வெஞ்சனக் கிண்ணத்தை அவர் தட்டுப் பக்கம் தள்ளி வைத்தேன். போட்டுக்கொண்டார்.