யார் அனுப்பிய சத்தம்

மறுநாள் காலை தம்பியை விடுதியில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. முடிவு என் கணவருடையது. "உன் தம்பிக்கு நீயும் ஒண்ணுதான், பீரோவும் ஒண்ணுதான். உன்மேல அவனுக்கு என்ன ஒட்டுதல் இருக்கு?" என்பார். தம்பிக்கு ஆட்டிசம். என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான்.

அவர் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்ற நப்பாசையில்தான் அன்று இருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு மூளை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஆய்வாளர் பெண் எடுத்த எடுப்பிலேயே என் ஆசையில் மண்ணைப் போட்டாள். தலையில் மாட்டும் கம்பித் தொப்பியில் பாசம் தெரியாதாம். யாராவது பார்க்கிறார்கள் என்றால் நம்மில் பலருடைய மூளை 'என்ன நினைப்பார்களோ' என்று கணக்குப் போட்டு முடிவை மாற்றிக்கொள்ளுமாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சியாம்.

தொப்பி மாட்டியவர் முன்னால் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும். ஒன்றை அழுத்தினால் சுவரைத் துளைக்கும் டிரில் சத்தம் அவர் காதில் கேட்கும். மற்றதை அழுத்தினால் பக்கத்து அறையில் ஹெட்ஃபோனோடு இருக்கும் என் காதில். முதல் பாதியில் அனுப்புவது அவர்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியில் கம்ப்யூட்டரும் அனுப்பலாம். யார் என்று எனக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டிசம் இல்லாத ஒருவரும் வேண்டுமாம். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வந்தார்.

தம்பி முதலில். மிக்ஸி போட்டாலே குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொள்பவன். அத்தனையையும் என் தலையில் கட்டப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரில் வந்தது. அடுத்தது வரவில்லை. மறுபடி வந்தது, மறுபடி அமைதி. எனக்கு அமைதி என்றால் அவன் காதில் டிரில் என்று உறைத்ததும் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாமா என்றிருந்தது. இரண்டாம் பாதியிலும் அதேதான்: ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை.

அடுத்து கணவர். முதல் பாதி முழுக்க ஒரு சத்தம்கூட இல்லை. மனுஷன் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்கிறாரே என்று உருகிப்போனேன். இவரைப் போய்த் தப்பாக நினைத்தேனே என்று கண்கூடக் கலங்கியது. இரண்டாம் பாதி தொடங்கியதும் டிரில். மறுபடி டிரில். விடவே இல்லை. பாழாய்ப்போன கம்ப்யூட்டர் என்று திட்டித் தீர்த்தேன்.

வெளியே வந்தவர் என் தோளைத் தொட்டார். "கம்ப்யூட்டர் ரொம்பப் படுத்திடுச்சா? பாவம் நீ. நான் ஒண்ணாவது அனுப்பினேனா சொல்லு."

ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஆய்வாளர் பெண் எங்கள் மூவரையும் உட்கார வைத்தாள். "ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தோம், மன்னிச்சிடுங்க. கம்ப்யூட்டர் எதையுமே அனுப்பாது. எல்லாம் நீங்க அழுத்தினதுதான்."

கணவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏன் மாற்றி மாற்றி அழுத்தினாய் என்று தம்பியைக் கேட்டேன்.

"ரெண்டு பேர் இருக்கோம்ல," என்றான் சுவரைப் பார்த்து. "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அக்காவுக்கு."

"அப்புறம் யார் அனுப்பினதுன்னு எனக்குத் தெரியாதுன்னாங்களே. அப்பவும் ஏண்டா?"

என் கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியுமே," என்றான்.

வாசல்வரை ஆய்வாளர் பெண் கூடவே வந்தாள். கார் கதவைத் திறந்த கணவரிடம், நாளைக்குத் தம்பி எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கென்ன, உன் இஷ்டம்."

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் வேறு சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேயும் இதையேதான் சொல்வேன்.