முக்காட்டுக்குள் மூச்சு

1

இந்தக் கதை ஒரு செருமலில் பிறந்தது. ராஜஸ்தானின் மார்வார் வீடுகளில் பெரியவர் உள்ளே நுழையுமுன் செருமுவார். மருமகள் முக்காட்டை மார்புவரை இழுத்து, வாயை அடைத்துக்கொள்வாள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருந்தாளுநராக இருந்த நான், அந்தச் செருமலை அங்கேயும் கேட்டேன்.

முதல் தொடக்கம்: 'வெயில் கொளுத்திய நண்பகலில், மணல் பறக்க…' (வேண்டாம். மூச்சு முட்டுகிறவளுக்கு வானிலை எதற்கு?)

2

தாபு, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு. கணவன் சூரத்தில் வேலை செய்கிறான். அழைத்து வந்தவர் மாமனார் மூலாராம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர் பிரேம்லதா.

"வாயுதான், டாக்டர் சாப்," என்றார் மூலாராம். "நெய் லட்டு ஒண்ணு ரெண்டு கூடப் போயிருச்சு."

"நெஞ்சு உங்களுதா, அவளுதா?"

"என் முன்னால அவ பேச மாட்டா. நானும் அவகிட்ட பேசினதில்ல. எங்க வழக்கம்."

அவரை வெளியே அனுப்பிவிட்டு முக்காட்டை விலக்கினால், உதடுகளில் நீலம். ஆக்ஸிஜன் முகமூடியைப் பொருத்தினார்கள். வாசலில் செருமல். தாபுவின் கை எழுந்தது; முகமூடியைக் கழற்றியது; முக்காட்டை இழுத்தது.

செவிலி சுகனி வெடித்தாள்: "மாமனார் செருமினா ஆக்ஸிஜனையே கழட்டுறியே! நாளைக்கு உன் மூச்சு நின்னா, அவரு செருமுறதயாவது நிறுத்துவாரா?"

3

[மூலாராமைக் கொடியவராக எழுத முயன்றேன்: 'மீசையை முறுக்கிய அந்த…' அடித்துவிட்டேன். உள்ளே சத்தமே இல்லையே, உயிரோடு இருக்கிறாளா என்று பதறி எட்டிப் பார்க்க வந்தவர் அவர். முறைப்படி செருமினார். கொடுமையை மேடையில் வீழ்த்திவிடலாம், என் நாடகக் குழுத் தோழர்களே; மரியாதையை எந்த மேடையில் வீழ்த்துவது?]

4

மூலாராம் மறுபடி வெளியே போனதும், சுகனி தாபுவின் வாயருகே குனிந்து காது கொடுத்தாள்.

"கால்… இடது கால். பிரசவத்துலருந்தே வீங்கிக் கெடக்கு."

"ஏன்டி சொல்லல?"

"மாமனார் சொன்னதத்தானே எல்லாரும் கேட்டாங்க?"

டாக்டர் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கால் மட்டும் பருத்திருந்தது. அங்கே உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம் என்றார்.* உறைவைத் தடுக்கும் ஊசியைக் கொடுத்தேன், போட்டார்கள். ஸ்கேன் எடுக்க ஜோத்பூர் போகவேண்டும். வழியெல்லாம் முகமூடி கழலக் கூடாது.

* வாயு என்று முடிவுகட்ட ஒரு வாய் போதுமாயிருந்தது. கட்டி என்று ஐயுற, நோயாளியின் வாயே திறக்க வேண்டியிருந்தது.

5

"பாபாசா, பெரியவரே, நீங்க ஆம்புலன்ஸ்ல முன்னால, டிரைவர் பக்கத்துல உட்காருங்க," என்றாள் சுகனி.

"பின்னால அந்நிய ஆம்பள உதவியாளரோட இவ தனியாவா? நான் எதிர்லதான் உட்காருவேன்."

"அப்ப முகத்த மூடாதேன்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டா."

"நானா? நேர்லயா?"

"வேற யாரு, உங்க ஒட்டகமா?"

அவர் சொன்னார் என்று ஒரு முடிவு எழுதினேன். அரங்கம் கைதட்டும், வீட்டுக்குப் போய் மறந்துவிடும். கிழித்தேன். சொல்லவில்லை என்று எழுதினேன், அவள் வழியிலேயே… (இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

வண்டி உறுமுகிறது. மூலாராம் ஏறி எதிரே அமர்கிறார். தாபுவின் விரல்கள் முகமூடியின் பட்டையைப் பற்றிவிட்டன. அவர் அவளை நோக்கி வாய் திறக்கிறார்.

அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, அவர் இடத்தில் உட்காருங்கள். இப்போது, உரக்க, நீங்கள் சொல்லுங்கள்.